விற்ற 300 நாள்

போன செவ்வாய்க்கிழமை காலை கடற்கரைச் சாலையில் நடையை முடித்துவிட்டு வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஐந்து பேர். எல்லோரும் பென்ஷன்காரர்கள். ஒருவர் கருவூலம், ஒருவர் கல்வித்துறை, ஒருவர் பொதுப்பணி, ஒருவர் பிரெஞ்சு ராணுவத்திலிருந்து வந்த சொல்தா. ஐந்தாவது ஆள் நான். மகள் வீட்டிலிருந்து திரும்பி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. கருவூலக்காரர் ஆரம்பித்தார்.

"அஞ்சு மாசம் அமெரிக்காவுல இருந்தியே, எங்கெல்லாம் போன?"

"ஹூஸ்டன்லதான் இருந்தேன். நடுவுல பன்னெண்டு நாள் பேரனோட மெக்சிகோ போனேன்."

"அட, மெக்சிகோவா! அங்க பிரமிடு இருக்குமே, பார்த்தியா?"

"இல்ல."

"மெக்சிகோ சிட்டி?"

"போகல. ஒரு சின்ன தீவு. பன்னெண்டு நாளும் அங்கேயேதான் இருந்தோம்."

"அங்க என்ன இருக்கு?"

"கடல் இருக்கு."

அவர் எதிரே கையை நீட்டி, "அப்ப இது என்னய்யா?" என்றார். பெஞ்சே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு மனசில் நின்றுகொண்டே இருந்தது. அங்கே வாதாட வாய் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். என் நண்பர்கள் கோபித்துக்கொள்ளட்டும். நம் தலைமுறை அரசு ஊழியர்களுக்கு ஊர் போகவும் தெரியவில்லை, ஓய்வெடுக்கவும் தெரியவில்லை என்பது என் கட்சி. அதில் முதல் குற்றவாளி நான்.

எனக்கு இதைச் சொல்ல என்ன தகுதி என்று கேட்பீர்கள். 38 வருஷ சர்வீஸில் 9 வருஷம் எல்.டி.சி. பில் பார்த்த குமாஸ்தா நான். விடுமுறைப் பயணச் சலுகை. நான்கு வருஷ பிளாக்கில் ஒருமுறை இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் குடும்பத்தோடு போய்வரலாம், சர்க்கார் டிக்கெட் பணம் தரும். அந்தப் பில்கள் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். யார் எங்கே போனார்கள், எத்தனை நாளில் திரும்பினார்கள், யார் போகாமலேயே பில் போட்டார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். போகாதவர்களை விடுங்கள். உண்மையில் போனவர்களின் பில்லைப் பார்த்தாலே மூச்சு வாங்கும். டெல்லி ஒரு நாள், ஆக்ரா அரை நாள், மதுரா போகிற வழியில், ஹரித்துவார் ஒரு ராத்திரி, திரும்பும்போது காசி. பத்து நாளில் எட்டு ஊர். திரும்பி வந்து ஆபீஸில் உட்கார்ந்து, "அப்பாடா, இப்பதான் நிம்மதி" என்பார்கள். ஓய்வெடுக்கப் போனவன் ஆபீஸுக்குத் திரும்பித்தான் ஓய்வெடுத்தான்.

இப்போது அதே ஆட்கள் பென்ஷனில் ஐரோப்பா போகிறார்கள். பத்து நாளில் ஏழு நாடு. காலை ஆறு மணிக்குப் பஸ், கழுத்தில் அட்டை, கையில் புளியோதரைப் பொட்டலம். என் நண்பர் ஒருவர் பாரிஸில் எத்தனை நாள் இருந்தார் என்று கேட்டேன். ஒன்றரை நாள் என்றார். லிசேயில் பத்து வருஷம் பாரிஸின் தெருக்களை வரைபடத்தில் படித்தவர் அவர். ஒன்றரை நாள்!

சரி, தீவுக்கு வருகிறேன்.

அதன் பெயர் ஈஸ்லா முஹேரெஸ். ஸ்பானிஷில் பெண்கள் தீவு என்று பொருள். மெக்சிகோவின் கிழக்குக் கோடியில், கான்கூன் நகருக்கு எதிரே கரீபியன் கடலில் கிடக்கிறது. நீளம் சுமார் 7 கிலோமீட்டர், அகலம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. தென்முனையில் மாயர்களின் இஷ்சேல் என்ற பெண் தெய்வத்துக்கு ஒரு சின்னக் கோயில் இருந்தது. பிள்ளைப்பேறுக்கும் மருத்துவத்துக்கும் உரிய தெய்வம். 1517இல் எர்னாண்டஸ் தெ கொர்தொபா என்ற ஸ்பானியரின் கப்பல்கள் வந்தபோது அங்கே பெண் உருவச் சிலைகளைக் கண்டதால் இந்தப் பெயர் வந்தது என்கிறார்கள். 1988இல் கில்பர்ட் என்ற புயல் அந்தக் கோயிலில் பெரும்பகுதியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இப்போது ஒரு கல் மேடையும் இரண்டு சுவர்த் துண்டும் மிச்சம். சுற்றிலும் ஓணான் மாதிரி, ஆனால் பூனை அளவில், இகுவானாக்கள் வெயில் காய்கின்றன.

ஹூஸ்டனிலிருந்து கான்கூனுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம் சொச்சம். என்னிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். ஆனாலும் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டியதில்லை. அங்கிருந்து புவெர்த்தோ ஹுவாரெஸ் துறைக்குப் போய்ப் படகு ஏறினால் இருபது நிமிஷத்தில் தீவு. பேரனுக்கு 24 வயது. முதுகுப்பை தூக்கி ஊர் சுற்றுகிற பையன். "தாத்தா, நீங்க வந்தா ஓட்டல் ரூம் போடறேன்" என்றான். அவன் எங்கே தங்குவானோ அங்கேயே எனக்கும் போதும் என்றேன். அப்படித்தான் 75 வயதில் எட்டுப் பேர் படுக்கும் கூடத்தில், அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் எனக்கு இடம் கிடைத்தது. ஒரு ராத்திரிக்கு 400 பெசோ, நம் காசுக்கு ஏறக்குறைய 1,900 ரூபாய். மேல்தட்டில் அர்ஜென்டினாக்காரப் பையன் ஒருவன். முதல் நாள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றே விட்டான், யாரோ பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார் என்று நினைத்தானோ என்னவோ.

முதல் இரண்டு நாள் நான் நன்றாக இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். குமாஸ்தா புத்தி. முதல் நாள் ராத்திரியே ஒரு தாளில் பட்டியல் எழுதினேன். 1. இஷ்சேல் கோயில். 2. கல்லறைத் தோட்டம். 3. முந்தாக்கா பண்ணை. 4. கான்கூன் அருங்காட்சியகம். 5. சிச்சேன் இட்சா, போக வர ஒரு நாள். எதிரே நாள், நேரம், செலவு என்று கோடு வேறு கிழித்தேன். பேரன் வாங்கிப் பார்த்தான். மடித்து என் சட்டைப்பையிலேயே வைத்துவிட்டு, "தாத்தா, இது டூர் ப்ரோக்ராம் இல்ல, டூட்டி சார்ட்" என்றான்.

மூன்றாம் நாள் காற்று வந்தது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து மெக்சிகோ வளைகுடாவைத் தாண்டி இறங்கும் குளிர்க்காற்றை அங்கே 'நோர்த்தே' என்பார்கள். வடக்கு என்றே பெயர், நம் வாடை மாதிரி. அது வீசினால் துறைமுக அதிகாரி சின்னப் படகுகளை நிறுத்திவிடுவார். இரண்டு நாள் எந்தச் சுற்றுலாப் படகும் கிளம்பவில்லை. எங்கள் விடுதியில் பட்டியலோடு வந்திருந்தவர்கள் பட்ட பாட்டைப் பார்க்கவேண்டுமே! ஒருவர் வரவேற்பு மேஜைக்கு மணிக்கு ஒருதரம் போய் எப்போது திறக்கும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு ஜோடி தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டது. கண்ணாடியில் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

வேறு வழியில்லாமல் முற்றத்தில் கட்டியிருந்த தூளியில் போய்ப் படுத்தேன்.

தூளி என்றுதான் சொல்லவேண்டும். அவர்கள் 'அமாக்கா' என்கிறார்கள், பிரெஞ்சில் 'அமாக்'. யூகத்தான் பக்கத்து வீடுகளில் கட்டிலைவிட இதில்தான் பலர் உறங்குகிறார்கள். சுவரில் கொக்கி அடித்து வைத்திருப்பார்கள். பகலில் சுருட்டி வைத்தால் கூடம் காலி. மெல்லிய நூலில் வலைபோல் பின்னியது, காற்று அடியிலிருந்தும் வரும். நான் நீளவாக்கில் படுத்து வாழைக்காய் மாதிரி வளைந்து கிடந்தேன். துப்புரவு செய்யும் அம்மாள் பார்த்துச் சிரித்துவிட்டு, கையால் குறுக்கே கோடு போட்டுக் காண்பித்தார். கோணல்வாக்கில் படுக்கவேண்டுமாம். அப்படிப் படுத்ததும் முதுகு நேராகிவிட்டது. கால் பக்கம் தென்னை ஓலைச் சத்தம். 75 வருஷத்துக்கு முன்னால் என் அம்மா புடவையில் கட்டிய தூளிக்குப் பிறகு இப்போதுதான் இதில் படுக்கிறேன் என்று நினைத்தேன். அப்படியே தூங்கிப்போனேன். காலை பதினோரு மணிக்கு! ஹாஜர் பட்டியலில் சிவப்பு மை விழுகிற நேரம்.

காற்று நின்ற பிறகும் நான் அந்தப் பட்டியலை எடுக்கவில்லை. கோயிலுக்கு ஒருநாள் நடந்தே போனேன். கல்லறைத் தோட்டத்துக்கு, பக்கத்தில் இருந்ததால், மூன்று தடவை போனேன். அங்கே ஃபெர்மின் முந்தாக்கா என்பவனின் கல்லறை இருக்கிறது. அடிமை வியாபாரத்தில் சம்பாதித்து, 19ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவில் பெரிய பண்ணை கட்டினான். உள்ளூர்ப் பெண் ஒருத்தி மேல் ஆசைப்பட்டு அவளுக்காகவே வளைவுகளும் தோட்டமும் எழுப்பினான் என்றும், அவள் வேறொருவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள் என்றும் சொல்கிறார்கள். தன் கல்லறையில் மண்டையோட்டைத் தானே செதுக்கி வைத்தவன், கடைசியில் மெரிதா நகரத்தில் செத்து அங்கேயே புதைந்தான். இங்குள்ள கல்லறை காலி. பட்டியலில் ஒரு வரியாகப் போயிருந்தால் ஐந்து நிமிஷத்தில் படம் எடுத்துக்கொண்டு வந்திருப்பேன். மூன்றாம் தடவை போனபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது. பக்கத்துச் சாதாரணக் கல்லறைகளில் எல்லாம் பூ இருந்தது, இவனுடையதில் இல்லை.

மற்றபடி என் நாள் இப்படிப் போகும். காலையில் சோள ரொட்டியும் கறுப்பு மொச்சையும். பிறகு வடக்குக் கரை. அங்கே கடல் வெகுதூரம் முழங்கால், இடுப்பு அளவுதான். அலை இல்லை. மதியம் மீன். திக்கின் ஷிக் என்று ஒரு பக்குவம். முழு மீனைப் பிளந்து, குங்கும நிறத்தில் அச்சியோத்தே விதை அரைத்து, புளிப்பு ஆரஞ்சுச் சாறு தடவி, கரி அடுப்பில் சுடுவார்கள். தொட்டுக்கொள்ள அபனேரோ மிளகாய். நம் ஊசி மிளகாய் அதன் முன்னே நிற்காது. சாயங்காலம் பெட்டிக்கடையில் தாகத்துக்கு என்ன கேட்டேன் தெரியுமா? புளித்தண்ணீர். 'தமரிந்தோ' என்றே பெயர். இந்தியப் பேரீச்சை என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. நாம் புளி கொடுத்தோம், அவர்கள் மிளகாய் கொடுத்தார்கள். இரண்டும் இல்லாமல் நம் வீட்டு மீன் குழம்பை நினைத்துப் பாருங்கள்.

இனி என் நண்பர்களின் ஆட்சேபங்கள்.

முதல் ஆட்சேபம், காசு போட்டு அவ்வளவு தூரம் போய்விட்டுப் படுத்துக் கிடப்பது வீண். இதில் ஒரு கணக்குத் தப்பு இருக்கிறது. செலவில் பெரும்பகுதி போய்வருவதற்கே ஆகிவிடுகிறது. இடம் மாறிக்கொண்டே இருந்தால் அந்தப் பகுதிதான் ஏறும். ஒரே இடத்தில் இருந்தால் படுக்கையும் சோறும்தான். சிச்சேன் இட்சா தீவிலிருந்து எதிர்க்கரை போய், அங்கிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர். பிரமிடின் மேல் இப்போது ஏற விடுவதும் இல்லை. நாலு மணி நேரப் பஸ், ஒரு மணி நேர வெயில், மறுபடி பஸ். அதைப் பார்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. பக்கத்திலேயே வயாதொலித் ஊரில் மூன்று நாள் தங்கிப் பார்த்தால் பார்த்த மாதிரி. 'பார்த்தாச்சு' என்று கோடு அடிக்கப் போவதுதான் வீண் செலவு.

இரண்டாவது, இதை இங்கேயே செய்யலாமே, நம்மிடம் கடல் இல்லையா? கருவூலக்காரர் சொன்னது. நியாயமான கேள்வி. என் பதில், செய்யலாம், ஆனால் செய்யவில்லையே. 15 வருஷமாக இந்தப் பெஞ்சில் உட்காருகிறோம். எட்டு மணியானால் ஒருவர் பால், ஒருவர் வங்கி, ஒருவர் கரண்ட் பில் என்று எழுந்துவிடுகிறோம். வீட்டில் இருக்கும்வரை வீடு விடாது. ஓய்வுக்கு வேறு கூரை வேண்டும். அது மெக்சிகோவாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை.

மூன்றாவது, இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம். இதைச் சொன்னவர் கல்வித்துறை. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வடக்குக் கரைக்கு வந்து பார்க்கவேண்டும். அன்றைக்கு கான்கூனிலிருந்து முதல் படகிலேயே குடும்பம் குடும்பமாக உள்ளூர்க்காரர்கள் வருவார்கள். கையில் ஐஸ் பெட்டி, பாத்திரத்தில் சோறு, குழந்தைகள், பாட்டி. பாட்டிமார் உடுத்திய உடையோடு இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். மூன்று மணி நேரம் எழுந்திருக்க மாட்டார்கள். மெக்சிகோ சட்டப்படி கடற்கரை யாருக்கும் சொந்தமில்லை, பொதுச் சொத்து. ஓட்டல்காரன் நாற்காலி போடலாம், மணலை விற்க முடியாது. ஆக, சும்மா உட்காருவது பணக்காரன் பழக்கமும் இல்லை, வெள்ளைக்காரன் பழக்கமும் இல்லை. அந்தப் பாட்டிமாருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நான்காவது, சோம்பல் பாவம், மனிதன் உழைக்கப் பிறந்தவன். இதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் படித்த பள்ளிக்கூடம் இதில் சம்பந்தப்பட்டது.

எங்கள் பிரெஞ்சு வாத்தியார்கள் ஜூலை வந்தால் விடுமுறை என்பதைப் பெருநாள் மாதிரி உச்சரிப்பார்கள். 'கொன்ழே பெயே', சம்பளத்தோடு விடுப்பு. எங்களுக்கு அது பாடத்திலேயே இருந்தது. 1936இல் பிரான்ஸில் மக்கள் முன்னணி ஆட்சிக்கு வந்தபோது லட்சக்கணக்கான தொழிலாளிகள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஜூனில் சட்டம் வந்தது, எல்லாத் தொழிலாளிக்கும் வருஷத்துக்கு இரண்டு வாரம். அந்தக் கோடையில் முதல் தடவையாகக் கடலைப் பார்த்த ஆலைத் தொழிலாளிகள் உண்டு. 1956இல் மூன்று வாரம், 1969இல் நான்கு, 1982இல் ஐந்து. ஓய்வு என்பது சும்மா கிடைத்ததல்ல, கேட்டு வாங்கியது. இதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே சோம்பலுக்கான உரிமை என்று தலைப்பிட்டுச் சிறு நூல் எழுதியவர் பால் லஃபார்க், கார்ல் மார்க்ஸின் மருமகன். அவர் பிறந்த ஊர் கியூபாவின் சாந்தியாகோ. ஈஸ்லா முஹேரெஸின் கிழக்குக் கரையில் நின்றால் நேர் எதிரே கடலுக்கு அப்பால் கியூபாதான். நான் அங்கே நின்றபோது அவரை நினைத்துக்கொண்டேன்.

இதைவிட எனக்கு உறைத்தது வேறொன்று. தூளியில் படுக்கச் சொல்லிக்கொடுத்த அந்த அம்மாள். தினமும் காலைப் படகில் எதிர்க்கரையிலிருந்து வருவார். தீவில் வாடகை கட்டுப்படியாகாது என்றார். எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஆனால் பிரெஞ்சு தெரிந்தால் பாதி பிடிபடும். மீதியைப் பேரன் போனில் மொழிபெயர்த்தான். உங்களுக்கு வருஷத்துக்கு எத்தனை நாள் லீவு என்று கேட்டேன். குமாஸ்தாவுக்கு வேறென்ன கேட்கத் தெரியும்? மெக்சிகோவில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் முடித்தவருக்குச் சட்டப்படி 6 நாள்தான் இருந்தது. 2023 ஜனவரியிலிருந்துதான் 12 நாள் ஆக்கியிருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது அந்த அம்மாள் 12 விரலுக்குக் கை போதாமல் இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டு, மறுபடி இரண்டு விரலை நீட்டிச் சிரித்தார். அந்த இரண்டு விரலில் அவ்வளவு சந்தோஷம்.

பிறகு அவர் என்னைக் கேட்டார். நீங்கள் 'ஹுபிலாதோ'வா? ஸ்பானிஷில் ஓய்வு பெற்றவருக்கு அதுதான் சொல். மகிழ்ந்து ஆரவாரம் செய்கிற லத்தீன் சொல்லோடு உறவு உடையது. பிரெஞ்சில் 'ரெத்ரெத்தே', விலகிக்கொண்டவர். தமிழில் நாம் எவ்வளவு அழகாகச் சொல்கிறோம், ஓய்வு பெற்றவர். ஓய்வைப் பெற்றவர்! பெற்ற ஓய்வை எங்கே வைத்தோம்?

இந்த இடத்தில் என் பேரனின் கட்சிக்காரர்களையும் விடப்போவதில்லை. முதுகுப்பைக்காரர்கள் எல்லோரும் யோக்கியர்கள் என்று சொல்லமாட்டேன். ஒரு நாளைக்கு இவ்வளவு டாலரில் வாழ்கிறேன் என்று பெருமை பேசிக்கொண்டே, தெருவில் தூளி விற்கும் கிழவரிடம் 50 பெசோவுக்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிற ஒருவனைப் பார்த்தேன். பின்னிய கைக்கு அது எத்தனை நாள் வேலை! இந்தத் தீவு கெட்டுப்போய்விட்டது என்று புலம்புகிறவனும் அவனே, இவ்வளவு மலிவான இடம் என்று ஊரெல்லாம் படம் போடுகிறவனும் அவனே. நாமெல்லாம் போகப் போகத்தான் அந்த அம்மாளுக்குத் தீவில் வாடகை எட்டாமல் போனது. அதில் என் 12 ராத்திரிக்கும் பங்கு உண்டு. எதிர்க்கரையில் கான்கூன் ஓட்டல்கள் இரவெல்லாம் சரம் விளக்காக மின்னும். 1970இல் மெக்சிகோ மத்திய வங்கிக்காரர்கள் கணக்குப் போட்டு, தென்னந்தோப்பு மணல்திட்டில் கட்ட ஆரம்பித்த ஊர் அது. நான் சர்வீஸில் சேருவதற்கு இரண்டு வருஷம் முன்பு. ஒருவருக்கு ஓய்வு என்றால் இன்னொருவருக்கு வேலை. அதனால்தான் அந்த இன்னொருவருக்கும் 12 நாள் வேண்டும் என்கிறேன். பேரம் பேசாதே, கூடக் கொடு, நெடுநாள் இரு. அவ்வளவுதான் ஒழுக்கம்.

இனி என் கணக்கு.

எனக்கு வருஷத்துக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு. ஜனவரி 1ஆம் தேதி 15, ஜூலை 1ஆம் தேதி 15. அந்த மெக்சிகோ அம்மாளுக்கு முன்பு இருந்ததைப் போல் ஐந்து மடங்கு. 1972 முதல் 2010 வரை 38 வருஷத்துக்கு 1,140 நாள். கல்யாணம், காதுகுத்து, காய்ச்சல், வீடு கட்டுதல், கோர்ட்டு என்று எடுத்தது 500 சொச்சம். ரிட்டையர் ஆகும்போது உச்சவரம்பான 300 நாளைச் சர்க்காருக்கே விற்றேன், அதற்குப் பணம் வந்தது. மிச்சம் 300க்கு மேல், வரம்பைத் தாண்டியதால் காலாவதி. யாருக்கும் பயனில்லை. எங்கள் செக்ஷனில் இது கௌரவம். "அவர் லீவே போடமாட்டார்" என்பார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன்.

1991இல் எல்.டி.சி.யில் குடும்பத்தோடு வடக்கே போனோம். நான் மேலே சொன்ன அதே பட்டியல்தான், நான் போட்டதுதான். ஹரித்துவாரில் சாயங்காலம் படித்துறையில் உட்கார்ந்து கங்கையில் காலை விட்டுக்கொண்டு என் மனைவி சொன்னாள், "இன்னும் ரெண்டு நாள் இங்கயே இருக்கலாமாங்க?" அவள் எதையும் அப்படிக் கேட்கிறவள் இல்லை. நான் சொன்னேன், "ரிசர்வேஷன் ஆயிடுச்சு, லீவும் முடியுது." அன்றைக்கு என் கணக்கில் 200 நாளுக்கு மேல் இருந்தது. நம்பர் எனக்கு மனப்பாடம், அதுதானே என் வேலை. மறுநாள் விடியற்காலை ரயில் ஏறினோம்.

நான் 2010இல் ரிட்டையர் ஆனேன். இனி நாளெல்லாம் நமக்குத்தான் என்றேன். விடுப்பு விற்ற பணத்தில் மாடி எழுப்பினோம். மாடி முடிவதற்குள் அவளுக்கு உடம்பு முடியாமல் போனது. மறு வருஷம் போய்விட்டாள். மாடியில் இப்போது ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது, நல்லவர்கள். மாதம் 5ஆம் தேதி தவறாமல் வாடகை வந்துவிடும்.

தீவில் ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, வடக்குக் கரையில் தண்ணீரில் உட்கார்ந்திருந்த பாட்டிமாரையும் அவர்களோடு வந்த கிழவர்களையும் பார்த்துக்கொண்டிருந்தபோது ஹரித்துவார்ப் படித்துறை ஞாபகம் வந்தது. இரண்டு நாள். அவள் கேட்டது இரண்டே நாள். அந்த அம்மாள் நீட்டிக் காட்டிய இரண்டு விரல் மாதிரி. பேரன் வந்து, "என்ன தாத்தா, போலாமா?" என்றான். "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே" என்றேன். அவன் எந்தக் கேள்வியும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தான். இருட்டும்வரை இருந்தோம்.

ஆகவே, கருவூல நண்பரே, அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, இதுதான் இருந்தது.

சர்வீஸில் இருக்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், அல்லது பெற்றோர் படித்துக் காண்பித்தால், ஒரு வார்த்தை. ஜனவரி 1ஆம் தேதி உங்கள் விடுப்புக் கணக்கை எடுத்துப் பாருங்கள். அதில் பத்து நாளையாவது துணையோடு ஒரே ஊரில் கழியுங்கள். கும்பகோணமோ கொடைக்கானலோ, எதுவானாலும் சரி. கேட்டால் இரண்டு நாள் நீட்டியுங்கள். விற்றால் வரும் பணத்துக்கு மாடி கட்டலாம், நான் கட்டியிருக்கிறேன்.

பெஞ்சு நண்பர்களுக்கு இன்னொரு யோசனையும் வைத்திருக்கிறேன். வருகிற ஜனவரியில் மாஹேயில் எட்டு நாள், ஒரே விடுதி, பட்டியல் கிடையாது. பொதுப்பணிக்காரர் சரி என்றுவிட்டார். சொல்தா நண்பர் பெத்தாங் குண்டுகளோடு வருகிறேன் என்கிறார். கல்வித்துறை யோசிக்கிறார். கருவூலக்காரர் மட்டும் நேற்றும் கேட்டார், "எட்டு நாள் அங்க என்னய்யா பண்றது?" அவருக்கும் சேர்த்தே அறை சொல்லியிருக்கிறேன்.